முப்பத்தொரு சூப்பர்

மாத்திரை நேரத்தை மணியடித்து நினைவூட்டும் ஆப் ஒன்றைச் செய்ய எனக்கு எட்டு மாதம் ஆனது. அதைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்க்க எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. சொந்தக்காரர்கள் முப்பத்திரண்டு பேரை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "ரெண்டு வாரம் பயன்படுத்திப் பாருங்க. குறை இருந்தா தயங்காம சொல்லுங்க" என்று எழுதினேன்.

தெருமுனை கிளினிக் டாக்டரம்மா, சோதனை நன்றாக முடிந்தால் தன் சர்க்கரை நோயாளிகளிடம் ஆப்பைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். என் எட்டு மாத உழைப்புக்குக் கிடைத்த ஒரே வாசல் அதுதான்.

பதில்கள் குவிந்தன. சித்தி "சூப்பர்டா கண்ணு" என்றாள். பெரியப்பா கட்டைவிரலை ஏழு முறை உயர்த்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் ஒரு தொழிலதிபர் தெரிந்தார்.

குறுக்கே நின்றவர் ஒருவர்தான்: என் மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். தினமும் ஐந்து குரல் பதிவு அனுப்புவார்.

"மாப்ள, 'பிறகு'ன்னு ஒரு பட்டன் வெச்சிருக்கியே, அதை அமுக்கினா மணி அப்புறம் அடிக்கவே மாட்டேங்குது."

"மாப்ள, எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கு. எறும்புக்கா மாத்திரை?"

நான்காம் நாள் அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன்.

"எங்கண்ணனையா தூக்கினீங்க?" என்றாள் மனைவி.

"எல்லாரோட உற்சாகத்தையும் கெடுக்கறார்."

"உங்க உற்சாகத்தைன்னு சொல்லுங்க."

இரண்டு வாரம் முடிந்ததும் டாக்டரம்மா முன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"என்னென்ன குறை சொன்னாங்க?"

"ஒண்ணுகூட இல்ல டாக்டர்!"

"அப்போ யாரும் திறக்கவே இல்ல" என்றவர், என் போனில் மணி அடிக்கவைத்து 'பிறகு' பட்டனை அமுக்கினார். பத்து நிமிடத்தில் மறுபடி அடிக்க வேண்டிய மணிக்காகக் காத்திருந்தோம். சுவர்க் கடிகாரம் மட்டும் சத்தம் போட்டது. "இதை நம்பி ஒருத்தர் மருந்தை விட்டுட்டா? இன்னும் ரெண்டு வாரம் தரேன். குறைப் பட்டியலோட வாங்க."

வீட்டுக்கு வந்து, யார் யார் ஆப்பைத் திறந்தார்கள் என்ற பதிவைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். முப்பத்தொரு பேரில் ஆப்பைத் திறந்தவள் சித்தி மட்டும். அதுவும் கைதவறி, நான்கு விநாடி.

மச்சானைத் தேடிப் போனேன். ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், திறந்த லிஃப்ட் கதவின் முன் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தார். படியேறிப் போனதில் எனக்குப் பேச்சு வரவில்லை.

"மச்சான்... உங்களை மறுபடி... சேர்க்கணும்."

"எதுல, அந்த ஜால்ரா கோஷ்டியிலயா?"

"தப்பு என்மேலதான். குறை சொல்ல ஆள் வேணும்."

"சொந்தத்துல தேடினா எப்படிக் கிடைக்கும்? அடுத்த விசேஷத்துல உன் முகத்துல முழிக்கணுமே! உன்னைப் பிடிக்காதவனா பாரு மாப்ள. எங்க கம்பெனியில பன்னிரண்டு பேர் இருக்காங்க. எல்லாருக்கும் ஷுகர், இல்லேன்னா பிரஷர்."

"அவங்களுக்கு என்னைத் தெரியாதே?"

"உன் கல்யாணத்துக்கு எல்லாரும் வந்திருந்தாங்க. மைக்கைப் பிடிச்சு ஒரு மணி நேரம் பேசினியே. யாரும் இன்னும் மறக்கலை."

பன்னிரண்டு பேரும் பழி தீர்த்தார்கள். இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு குறை. தூக்கத்தைத் தொலைத்துத் திருத்தினேன்.

டாக்டரம்மா பட்டியலை நிதானமாகப் படித்தார். 'பிறகு' பட்டனை அமுக்கினார். பத்தாவது நிமிடம் மணி அடித்தது.

"எல்லாம் சரி பண்ணியாச்சா?"

"முப்பத்தேழு பண்ணிட்டேன் டாக்டர்."

"பாக்கி நாலு?"

"அது ஆப்பைப் பத்தினது இல்ல. என்னைப் பத்தினது."

"நாளையிலேர்ந்து பத்து பேருக்குக் கொடுத்துப் பார்ப்போம்" என்று சிரித்தார். "அந்த நாலையும் சீக்கிரம் கவனிங்க."