பொதட்டூர்பேட்டைக் கண்ணாடிகள்

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கே ஜெபகுமாரி அரிசி மண்டிக்கு மேலே இருந்த மாடி ஹாலில் சங்கக் கூட்டத்துக்கு நாற்காலி போட ஆரம்பித்துவிட்டாள். முப்பது நாற்காலி. போட்டு முடித்துத் தள்ளி நின்று வரிசையைப் பார்த்தாள். அன்று கிருத்திகை. தணிகை மலைக்குக் காவடிகள் ஏறிக்கொண்டிருந்தன. பஜாரில் வண்டி நகரவில்லை. சங்கத்தில் பாதிப்பேர் கடைக்காரர்கள். கிருத்திகையன்று வியாபாரத்தை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு எவர் வருவார்?

தணிகை சேவா சங்கம் வியாழன்தோறும் ஆறு மணிக்குக் கூடும். கூடும் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மூன்று மாதமாக ஒன்பது பேரைத் தாண்டவில்லை. ஆள் சேராத சங்கத்தை அரக்கோணம் சங்கத்தோடு இணைத்துவிடலாம் என்று சங்கங்களின் மாவட்டத் தலைவர் தேசப்பன் கடிதமே போட்டிருந்தார். இன்று வேலூரிலிருந்து நேரில் பார்க்க வருகிறார். செயலாளர் என்ற முறையில் ஜெபகுமாரி காலையிலிருந்து தன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தபடி எல்லோருக்கும் போன் போட்டாள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மச்சினன் வீட்டுக் கல்யாணம், மற்றவர்களுக்குக் கிருத்திகை.

ஆறு மணிக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏழு பேர். தலைவர் சத்தியநாதன், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், மணவூரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். திருவாலங்காட்டிலிருந்து கரும்பு விவசாயி வேணு. மெஸ் நடத்தும் பிரேமா, பெரிய எவர்சில்வர் தூக்கில் போண்டாவோடு. இன்னும் நாலு பேர். எட்டாவது ஆளாக, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு தேசப்பன் உள்ளே வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். அதுதான் ஜெபகுமாரிக்குத் தாங்கவில்லை.

சத்தியநாதன் மேஜை மணியைத் தட்டினார். வழிபாடு முடிந்தது. ஜெபகுமாரி எழுந்து, போன ஞாயிற்றுக்கிழமை பொதட்டூர்பேட்டையில் நெசவாளர்கள் நாற்பத்திரண்டு பேருக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்ததைப் பற்றி அறிக்கை வாசித்தாள். சங்கம் இந்த வருடம் செய்த ஒரே பெரிய காரியம் அது.

"பயனாளிகள் அனைவரும் பெருமகிழ்ச்சி அடைந்தார்கள்" என்று அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது.

முதலில் ஒரு அம்மாள் வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒயர் கூடை. அவளுக்குப் பின்னால் ஒருவர், இருவர், பத்துப் பேர், இருபது பேர். ஹால் நிறைந்தது. எல்லோர் கையிலும் கண்ணாடிக் கூடு.

"கண்ணாடி குட்த்தவங்க இங்கதான கீறாங்க?" என்றாள் அந்த அம்மாள்.

"ஆங், வாங்க வாங்க" என்று சத்தியநாதன் முகமெல்லாம் மலர எழுந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் மனிதர். "சார், இவங்கதான் நம்ம பயனாளிங்க" என்று தேசப்பனிடம் பெருமையாகச் சொன்னார்.

"என் பேரு தாயம்மாள். உங்க கண்ணாடியப் போட்டா தரை எழும்பி மூஞ்சிக்கு வருதுங்க" என்றாள் அவள். "நாலு நாளா அறுந்த இழையப் புடிக்கறேன், கையில வரமாட்டேங்குது. எங்க பாவா இன்னா பண்ணாரு தெரியுமா? இத்தப் போட்டுகினு தெருவுல வந்த எருமையப் பாத்து வணக்கம் வச்சாரு!"

பின்னால் நின்ற அவள் கணவர் தலையைச் சொறிந்தார். "கவுன்சிலர்னு நெனச்சிகினேன்" என்றார்.

வேணு சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெபகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. தாயம்மாளின் கூட்டை வாங்கிப் பார்த்தாள். மேலே அவள் கடையில் அச்சடித்து ஒட்டிய பெயர்ச்சீட்டு. அலமாரியைத் திறந்து, டாக்டர் கண் பார்த்து கைப்பட எழுதிய நோட்டை எடுத்துப் புரட்டினாள். தாயம்மாள், பவர் இரண்டரை. கூட்டிலிருந்த சீட்டில் ஒன்று.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. சனிக்கிழமை, கம்ப்யூட்டரில் பட்டியலை அழகாக்குகிறேன் என்று பெயர்களை மட்டும் அகர வரிசைக்கு மாற்றியிருந்தாள். பக்கத்துக் கட்டத்தில் இருந்த பவர் எண்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. ஊரே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது! ஒருத்தர் கண்ணாடி இன்னொருத்தர் மூக்கில்.

"கண்ணாடிக் கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று தேசப்பன் கேட்டார்.

"அப்படித்தாங்க இருக்கும்" என்று சத்தியநாதன் அவசரமாகச் சொன்னார். "நாளைக்கே அவனைக் கூப்பிட்டு..."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜெபகுமாரி 'ஆண்டவரே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கடைக்காரர் மேல தப்பு இல்லைங்க. நான்தான் பேரையும் நம்பரையும் மாத்திப் போட்டுட்டேன். நாலு நாள் உங்களக் கஷ்டப்படுத்திட்டேன். மன்னிச்சிடுங்கம்மா."

தாயம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்கும்மா கண்ணு கலங்கற? தறியில பாவு நூலு மாறிப்போனா அவுத்துக் கட்றதில்லையா?" என்று ஒயர் கூடையை மேஜைமேல் கவிழ்த்தாள். கலகலவென்று கூடுகள் விழுந்தன. "வராதவங்க கண்ணாடியும் இதுல கீது. நாப்பத்திரண்டும் வந்துச்சி. எது யாருக்குன்னு சொல்லு, மாத்திக்கினு போறோம்."

நாற்பத்திரண்டும் இருக்கிறது! ஜெபகுமாரிக்கு உயிர் திரும்பி வந்தது. வேலை தொடங்கியது. ஆனால் கூட்டின் சீட்டுகளை மறுபடி நம்ப அவளுக்கு மனமில்லை. கண்ணாடியைக் காதில் மாட்டும் காம்பின் உட்பக்கத்திலேயே பவர் பொறித்திருந்தது, கடுகளவு எழுத்தில். சத்தியநாதன் தூரமாய்ப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். தெரியவில்லை. பிரேமாவுக்கும் தெரியவில்லை. வேணு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், "ஆறுங்களா, எட்டுங்களா?" என்றார். சங்கத்தில் எல்லோருமே நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். கண்ணாடி கொடுத்த சங்கத்தில் கண்ணாடி இல்லாமல் படிக்க ஆளில்லை.

"இப்படிக் குடுங்க" என்றார் தேசப்பன். சட்டைப்பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேஜையில் பரப்ப இடம் போதவில்லை என்று கூடுகளைத் தரையில் இறக்கி, சட்டென்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணரை... ரெண்டு... ரெண்டு... ஒண்ணு..." அவர் வாசிக்க வாசிக்க, வேணு குவியல் குவியலாகப் பிரித்தார். ஜெபகுமாரி டாக்டரின் நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டாள். ரயிலில் முப்பது வருடம் கூட்டத்தைச் சமாளித்த சத்தியநாதன், "வரிசை! வரிசை! தள்ளாதீங்க!" என்று பழைய குரலை எடுத்தார்.

கண்ணாடி சரியா என்று சோதிக்க நெசவாளர்களுக்கு எழுத்து அட்டை எதுவும் தேவைப்படவில்லை. தாயம்மாள் தன் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இரண்டாக அறுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முனைகளையும் விரல் நுனியில் சேர்த்து ஒரு திருகு திருகினாள். முடிச்சு விழுந்ததே தெரியவில்லை.

"விழுந்துச்சி!" என்று கத்தினாள். ஹாலே கைதட்டியது.

அதன்பிறகு ஒவ்வொருவராக நூலை வாங்கி முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள். முடிச்சு விழுந்தால் கைதட்டல். விழாவிட்டால் அடுத்த கண்ணாடி. தாயம்மாளின் கணவர் கண்ணாடி மாட்டியதும் சட்டைப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து உற்றுப் பார்த்தார். "நைனா, இது நானா?" என்று சத்தியநாதனிடம் நீட்டினார். "இந்த மூஞ்சிய வச்சிகினா இத்தினி வருசம் குப்பை கொட்டினேன்?"

"நான் கொட்டினேன்னு சொல்லு" என்றாள் தாயம்மாள்.

பிரேமா போண்டாவை எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பாதியாகப் பிய்த்தாள். சட்னி போதவில்லை. யாரும் கேட்கவுமில்லை. உட்கார நாற்காலியும் போதவில்லை. பாதிப்பேர் தரையில் தேசப்பனைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசினார்கள். கடைசி ஆளுக்கும் சரியான கண்ணாடி கிடைத்து, வராதவர்களின் கூடுகளில் ஜெபகுமாரி புதுச் சீட்டு எழுதி ஒட்டி முடித்தபோது மணி ஏழரை.

தேசப்பன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெள்ளைச் சட்டையில் போண்டா எண்ணெய்.

"செயலாளர் அம்மா, வருகைப் பதிவேட்டைக் குடுங்க."

ஜெபகுமாரி தயக்கத்தோடு நீட்டினாள். "நம்ம ஆளுங்க ஏழு பேர்தாங்க வந்தாங்க, சார்."

"நான் இதுவரைக்கும் நூறு கூட்டத்துக்குப் போயிருப்பேன். எல்லா இடத்துலயும் மாலை போடுவாங்க, நான் பேசுவேன், கொட்டாவி விடுவாங்க. இன்னிக்குத்தான் எனக்கு வேலை குடுத்தாங்க." பதிவேட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இணைக்கிற பேச்சை நான் விட்டுட்டேன். ஒரே ஒரு யோசனை. கிருத்திகை வந்தா கூட்டத்தை வேற எங்கயாவது வச்சிக்கோங்க."

"எங்க ஊர்ல வைங்க" என்றாள் தாயம்மாள் உடனே. "மாசத்துல ஒரு வியாழக்கிழமை. நாங்களும் வந்து குந்தறோம். எங்க மாமா வூட்டு மொட்டைமாடி சும்மாதான் கீது. போண்டா நாங்க போடறோம், முழுசா."

பிரேமா முறைத்தாள், பிறகு அவளே முதலில் சிரித்தாள். சத்தியநாதன் தீர்மானத்தை வாசித்தார். வேணு வழிமொழிந்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது உறுப்பினர், உறுப்பினரல்லாதவர் என்று பாராமல் ஹால் முழுவதும் கை தூக்கியது.

எட்டு மணி பஸ்ஸுக்கு எல்லோரும் படியிறங்கினார்கள். தாயம்மாள் மட்டும் வாசலில் நின்று ஜெபகுமாரியின் முகத்துக்கு மிக அருகே வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன். உனக்கு இவ்ளோ நரையா கீது?"

"கண்ணாடி சரியா இருக்குதுன்னு அர்த்தம்" என்றாள் ஜெபகுமாரி. இருவரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபடி, காவடிக் கூட்டத்தின் நடுவே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள்.