இரண்டு விரல் குறைந்த ஷாப்ட்

முனியப்பன் இரண்டாவது அடியிலேயே செத்துப்போனான். மூன்றாவது அடி மாயவன் தன் ஆத்திரத்துக்கு அடித்தது.

மாரண்டஹள்ளியிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் தகரக் கூரை போட்ட மோட்டார் பட்டறை அது. முனியப்பனும் இன்னாசியும் கூட்டாகப் போட்டது. இப்போது ஒருவன் மண்டை பிளந்து எண்ணெய் மண்ணில் கிடந்தான். மற்றவன் சுவரோடு சுவராக நின்றான். மாயவனின் கையாள் கரியன் பிடித்திருந்த அரிவாள் அவன் தொண்டைக்குழியில் குளிர்ந்தது.

"உன் கூட்டாளியால எந்தம்பி போய்ட்டான்டா" என்றான் மாயவன், கையிலிருந்த இரும்புக் கம்பியை முனியப்பனின் வேட்டியிலேயே துடைத்தபடி. "நடு ரோட்டுல வண்டி நின்னுபோச்சு. போலீஸ்காரன் நிதானமா குறி பாத்துச் சுட்டான், காக்காயச் சுடற மாதிரி."

யுத்த காலம். அரிசிக்குக் கட்டுப்பாடு, மாவட்டம் தாண்டி ஒரு மூட்டை போனாலும் ஜெயில். மாயவனின் பெரிய அமெரிக்கக் கார் அந்த அரிசியைத்தான் மைசூர்ச் சீமைக்குக் கடத்திக்கொண்டிருந்தது. கித்தான் கூரை போட்ட பழைய கார். அதன் கியர் பாக்ஸ் பொடியாகிவிட, வேறு கிடைக்காமல் மாயவன் ஒரு லாரியின் கியர் பாக்ஸைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். லாரிச் சாமான் ஒரு சாண் நீளம் அதிகம். அந்த நீளத்துக்குத் தக்கபடி, கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாப்டைக் குறைத்தாக வேண்டும். முனியப்பன் குறைத்தான். ஆனால் காரைக் கல் மேல் ஏற்றி வைத்து, பின் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க அளந்துவிட்டான். மூட்டையும் ஆளும் ஏறியதும் வில்பட்டை அமுங்கி, அச்சு மேலே வந்தது; நீளம் மிஞ்சிய ஷாப்ட் உலக்கை மாதிரி குத்தி கியர் பாக்ஸைப் பிளந்துவிட்டது.

"இன்னொரு லாரிய மறிச்சு வேற பாக்ஸ் கழட்டியாந்திருக்கேன். அதே சைசு. நாளை மத்தியானம் வண்டி ஓடணும். அவன மாதிரி அளந்தீன்னா, அவன் பக்கத்துலயே உனக்கும் ஒரு குழி."

இன்னாசி அரிவாள் உரசாதபடி மோவாயை உயர்த்திப் பேசினான்.

"மூட்டைய ஏத்துங்க. நீங்களும் ஏறி ஒக்காருங்க. பாரம் இருக்கறப்பவே நான் அடியில படுத்து அளக்கறேன்."

"கேட்டியாடா கரியா! செத்தவனுக்கு இல்லாத புத்தி இவனுக்கு இருக்குது" என்று மாயவன் சிரித்தான்.

ஏறினார்கள். கார் முனகிக்கொண்டு தணிந்தது. இன்னாசி அடியில் ஊர்ந்து, ஒரு மூங்கில் பிளாச்சை வைத்துச் சரியாகத்தான் அளந்தான். அளந்து முடித்துத் தலையைத் திருப்பியபோது, சக்கரத்துக்கு அந்தப் பக்கம் முனியப்பனின் பாதங்கள் தெரிந்தன. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஒரு பாதத்தின் பெருவிரல் மட்டும் விறைத்து வானத்தைப் பார்த்தது.

இன்னாசி அளவெடுத்த பிளாச்சில் இரண்டு விரற்கடை கூடுதலாக ஒடித்து எறிந்தான்.

ஷாப்டின் முன்முனையில் பல் பல்லாக வெட்டியிருக்கும். அந்தப் பல் கியர் பாக்ஸின் குழலுக்குள் செருகி நிற்கும். வண்டி எழும்பித் தாழும்போது உள்ளே வெளியே வழுக்கிக்கொள்ளும். இரண்டு விரல் குறைந்தால்? பாரம் அமுக்கும் வரை பல் கவ்வி நிற்கும். பள்ளத்தில் பின்பக்கம் துள்ளினால் உருவிக்கொண்டு வரும். முன்முனை ரோட்டில் விழுந்து குத்தும். ஓடுகிற கார் அந்த ஈட்டி மேல் ஏறிக் குப்புறக் கவிழும்.

கவிழட்டும் என்று நினைத்தான் இன்னாசி.

அந்தப் பிளாச்சின் அளவுக்கே ஷாப்டை வெட்டி மாட்டினான். மறுநாள் மத்தியானம் பாரத்தோடு காரைப் பட்டறை முன்னால் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. மாயவன் இன்னாசியின் முதுகில் தட்டினான். தட்டிவிட்டுக் கரியனுக்குக் கண்ணைக் காட்டினான். கரியன் போய், பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து சாலம்மாளைக் கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தான்.

"கைய எடுடா பொறுக்கி! எம் முடி என்ன உங்கப்பன் மாட்டுக் கயிறா?"

"எதுக்குங்க எம் பொண்டாட்டிய…" இன்னாசி குறுக்கே வந்தான்.

"சும்மாடா. ஒசூரு வரைக்கும் காத்தாட வரட்டும். வண்டி நின்னா கரியன் இவ கழுத்த அறுப்பான். ஓடுனா, பொழுதோட வூட்டுக்கு வந்து உனக்குக் களி கிண்டுவா."

உண்மையைச் சொன்னால் இங்கேயே இரண்டு தலை உருளும். சொல்லாவிட்டால் அவள் தலை ரோட்டில் உருளும். இன்னாசி மேல் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"லாரி கியருங்க. பழகாதவன் போட்டா பல்லு கத்தும். நானே ஓட்டறேன்."

மாயவன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஓட்டு. பொண்டாட்டி கூடவே போறதுன்னா சொகமாத்தான் இருக்கும்."

முன் சீட்டில் இன்னாசியும், துப்பாக்கியோடு மாயவனும். பின்னால் சீட்டைப் பிடுங்கிப் போட்டு அரிசி மூட்டைகள். மேலே கரியனும் சாலம்மாளும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னாசி வண்டியை நிறுத்தாத குறையாக இறக்கி ஏற்றினான். காதெல்லாம் காலடியில் இருந்தது. பாரம் அமுக்குகிற வரை அவள் உயிர் பத்திரம்.

"ஏண்டா, பொணத்தயா ஏத்திட்டுப் போற? மாட்டு வண்டிக்காரன் நம்மள முந்திட்டுப் போறான்!"

"புது சாமானுங்க. பழகட்டும்."

ராயக்கோட்டை மலை கண்ணுக்குத் தெரிந்தபோது பின்னால் புழுதி எழுந்தது. கரியன் எட்டிப் பார்த்துக் கத்தினான். "அண்ணா, போலீஸ் வேன்!"

"அமுக்குடா!" துப்பாக்கி இன்னாசியின் விலாவில் குத்தியது. அவன் அமுக்கினான். மேட்டில் கார் திணறியது. வேன் நெருங்கியது.

"பாரம்டா இழுக்குது! கரியா, மூட்டைய எட்டி வுடு!"

"வேணாங்க!" இன்னாசி அலறினான். "வேணாங்க, மூட்டை இருக்கட்டும்!"

"யாரப்பன் ஊட்டு அரிசிடா? எட்டி வுடுடா!"

கரியன் பின்கதவைத் திறந்து இரண்டு காலாலும் உதைத்தான். முதல் மூட்டை விழுந்து வெடித்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்று விழும்போதும் காரின் பின்பக்கம் எழும்புவது இன்னாசியின் முதுகுத்தண்டில் தெரிந்தது. காலடியில் கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. பல் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மேடு முடிந்து இறக்கம் வந்தது. வண்டி வேகம் பிடித்தது.

"என்னடா சத்தம்?" என்றான் மாயவன்.

இன்னாசி கழுத்தைத் திருப்பிக் கத்தினான். "சாலா! ஷாப்ட் உருவுது! வண்டி கவுழப் போவுது, குதி!"

மாயவன் சுட்டான். குண்டு இன்னாசியின் இடது தோளைத் துளைத்துக் கதவில் பாய்ந்தது. பின்னால் கடைசி மூட்டையை உதைக்கக் காலைத் தூக்கியிருந்த கரியன் திரும்பி அரிவாளை வீசினான். சாலம்மாளின் காது அறுந்து தொங்கியது. அவள் அவன் மணிக்கட்டை எலும்பு தெரியக் கடித்தாள். அவன் ஓலமிட்டு உதறிய நொடியில், கடைசி மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து உருண்டு வெளியே விழுந்தாள்.

கண்ணாடியில் அது இன்னாசிக்குத் தெரிந்தது. மூட்டை கீழே, அவள் மேலே. புழுதிக்குள் ஒரு கை அசைந்தது.

இனி அந்த ஷாப்டைக் காப்பாற்ற அவசியமில்லை.

இரண்டு காலாலும் பிரேக் மேல் ஏறி நின்றான். காரின் மூக்கு தாழ்ந்தது, பின்பக்கம் துள்ளியது. அடியில் டங்கென்று ஒரே சத்தம். உருவி விழுந்த ஷாப்ட் ரோட்டைக் குத்தியது. பின் சக்கரம் இரண்டும் ஆகாயத்தில் சுழல, அத்தனை பெரிய கார் தலைகீழாகப் போய் விழுந்தது.

புழுதி அடங்க நேரம் பிடித்தது. கரியன் வண்டிக்கு அடியில் இருந்தான். வெளியே தெரிந்தது அரிவாள் பிடித்த கை மட்டும். மாயவன் முன் கண்ணாடியைப் பிளந்துகொண்டு பாதி வெளியே கிடந்தான். உயிருள்ளவன் கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது. ஸ்டியரிங்குக்கும் நசுங்கிய கதவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு இன்னாசி ரத்தம் துப்பினான்.

சாலம்மாள் காதைப் பொத்தியபடி நொண்டி நொண்டி வந்தாள். தலையெல்லாம் அரிசி. குத்திட்டு நின்ற ஷாப்டையும் அதன் முனையில் பளபளத்த புது வெட்டையும் பார்த்தாள். மெக்கானிக் பெண்டாட்டி. அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"இது தானா உருவுனதா, மாமா?"

"நான்தான் குறைச்சு வெட்டினேன். முனியப்பனக் கொன்னதுக்கு."

"அவன் என்னை வண்டியில ஏத்துனப்ப உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

பளாரென்று ஓர் அறை விட்டாள். அதே கையால் தன் முந்தானையைக் கிழித்து அவன் தோள் ஓட்டையில் திணித்து அழுத்தினாள். ஓடிவந்த போலீஸ்காரர்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார்கள்.

"என்ன வேடிக்க பாக்கறீங்க? கதவத் தூக்குங்க!" என்று அவர்கள் மேல் பாய்ந்தாள். பிறகு குனிந்து, அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கண்ண மூடாத மாமா. முனியப்பன் பொண்டாட்டி காவேரிகிட்ட நீதான் வந்து சொல்லணும், கொன்னவன் செத்துட்டான்னு. என்னால அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாது."

இரும்பு முனகியது. நான்கு பேர் சேர்ந்து கதவைப் பிடுங்கினார்கள். இன்னாசி கண்ணை மூடவில்லை.