பன்னிரண்டு மான்

அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவள் அவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று பெயர். கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்னால், ஒற்று எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பாள். எல்லோருக்கும் அவள் 'புரூப் அக்கா'. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பாள்.

அப்பேர்ப்பட்ட கண்ணில்தான் புரை விழுந்தது. வலது கண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது கண்ணைப் பார்த்த டாக்டர் மட்டும் கொஞ்சம் இழுத்தார்.

"இதுல புரை மட்டும் இல்லம்மா. உள்ளயும் கொஞ்சம் கெட்டிருக்கு. ஆபரேஷன் பண்ணினாலும் பெரிசா தெளியாது."

இதை அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. தம்பி வீட்டோடுதான் இருந்தாள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் கேட்டபோது "எல்லாம் சரியாயிடும்னுட்டார்" என்றாள். அச்சக மேனேஜர் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். அதற்கடுத்த திங்களன்று வேலைக்கு வருகிறாளா, இல்லை அவள் நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா? அங்கே அவள் மேஜைமேல் சட்டப் புத்தகம் ஒன்று, எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில், அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். அதனால் தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். இந்த வாரத்துப் பின்னல் வேலை பிசகில்லாமல் முடிந்தால் கண் பாஸ், திங்கட்கிழமை வேலை. டாக்டர் சொன்னது டாக்டரோடு போகட்டும்.

பின்னல் வேலை என்றது, ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்கு மேலே இருந்த அறையில் செவ்வாய்தோறும் கூடுகிற பெண்களின் வேலை. குழந்தைகள் வார்டுக்குப் போர்வை பின்னிக் கொடுத்தார்கள். கொக்கி ஊசியால் ஒரு சாண் அகலத்துக்குச் சதுரம் சதுரமாகப் பின்னி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மிருகத்தை வைத்துத் தைத்து, முப்பது சதுரங்களை இணைத்தால் ஒரு போர்வை. கீழே இயந்திரங்கள் ஓடும்போது தரை லேசாக அதிரும். வெந்த துணி வாசனை படியேறி வரும்.

நடத்துகிறவள் அந்த வார்டிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். அவளுடைய சட்டம் கெடுபிடியானது. கண்ணுக்குப் பொத்தான் வைக்கக் கூடாது, பிள்ளை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். மணி கூடாது. விரல் மாட்டுகிற ஓட்டை கூடாது. "காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளை சும்மா இருக்காது, எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கும்" என்பாள்.

அந்த வாரச் செவ்வாயன்று காட்டுப் போர்வைக்கு வேலை பிரித்தார்கள். ஆளுக்கொரு பை நூல், ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. புரூப் அக்கா வீட்டுக்குப் போய்ப் பையைக் கவிழ்த்தாள். பச்சை, பழுப்பு, கொஞ்சம் வெள்ளை. சீட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு என்ற எண் பளிச்சென்று தெரிந்தது. அதன் பக்கத்தில் இரண்டே எழுத்து.

முதல் எழுத்து கொஞ்சம் கலங்கியது. சீட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். 'மீன்' என்று முடிவு செய்தாள்.

இரண்டாவது மீனுக்கு வால் வைத்துக்கொண்டிருக்கும்போது தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, மீன் மண்ணு கலர்ல இருக்கு? குளத்துல தண்ணி வத்திடுச்சா?"

"கொடுத்த நூல் இதுதான்."

"ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

"எழுதினது எழுதினபடிதான். நாம யாரு மாத்தறதுக்கு?"

அச்சகத்தில் அது ஒரு நல்ல விதி. மூலத்தில் இருப்பதுதான் அச்சில் வரவேண்டும். ஆனால் அதற்கு ஒட்டிப் பிறந்த இன்னொரு விதியும் உண்டு. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, எழுதியவரையே கேட்டுவிட வேண்டும். அந்த இரண்டாவது விதியை அவள் அன்றைக்கு வசதியாக மறந்தாள். போன் போட்டு, 'நீ எழுதினது எனக்குப் புரியலை' என்று எப்படிச் சொல்வது? இவளா?

பன்னிரண்டு பழுப்பு மீன்கள், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு, அடுத்த செவ்வாய் மதியம் அறையின் நீள மேஜையில் வரிசையாகப் படுத்தன.

பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, இன்னும் 'உள்ளே போங்க, உள்ளே போங்க' குரலிலேயே பேசுகிற கண்டக்டரம்மாதான் முதலில் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இது என்ன, வறுத்த மீனா?"

அறை கொல்லென்று சிரித்தது. புரூப் அக்காவுக்குக் காது மடல் சுட்டது.

"மீன்தானே கேட்டிருந்தீங்க" என்றாள் நர்ஸைப் பார்த்து.

"நானா? காட்டுப் போர்வைக்கு மீன் எதுக்கு? மான்தானே கேட்டேன்."

புரூப் அக்கா கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். பத்திரமாக வைத்திருந்தாள். நர்ஸ் வாங்கிப் பார்த்தாள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவசரத்தில் 'மா'வின் காலைக் கீழே இறக்காமல் மேலே சுழித்து விட்டிருந்தாள். சீட்டு கைமாறி மேஜையைச் சுற்றியது.

"எனக்கு மான்னுதான் தெரியுது."

"எங்க மானு? தலைமேல கொம்பு மாதிரி சுழி இருக்கே, அது மீதான்."

"கொம்பு இருந்தா மான்தானேடி."

மறுபடியும் சிரிப்பு. பாதிப் பேர் மான் கட்சி, பாதிப் பேர் மீன் கட்சி. கடைசியில் நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தப்பு என்னோடதுதாம்மா. என் கையெழுத்துக்கு வார்டுல டாக்டர்ங்க அழுதிருக்காங்க. அக்கா படிச்சதுல ஒரு குத்தமும் இல்ல."

"அதானே பார்த்தேன். அக்கா கண்ணாவது தப்பாப் பார்க்கறதாவது" என்றாள் கண்டக்டரம்மா.

போதும். பரீட்சையில் பாஸ் போட்டுக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தால் திங்கட்கிழமை நாற்காலி அவளுக்குத்தான். புரூப் அக்கா உட்காரவும் செய்தாள்.

நர்ஸ் சீட்டைக் கசக்கிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "போர்வையோட போச்சு. மருந்துச் சீட்டுல மட்டும் எனக்கு ஒரு எழுத்து புரியலைன்னா, எத்தனை திட்டு வாங்கினாலும் மாடியேறிப் போய்க் கேட்டுட்டுத்தான் ஊசியை எடுப்பேன்."

குத்திக் காட்டச் சொன்னதல்ல. அவள் அதற்குள் கத்தரியைத் தேடப் போய்விட்டாள். ஆனால் புரூப் அக்காவுக்கு அந்தப் பொடி எழுத்துச் சட்டப் புத்தகம் நினைவுக்கு வந்தது. 'உண்டு' என்பது 'இல்லை' என்று அச்சாகி, அதை நம்பி யாரோ ஒருத்தர் கோர்ட்டு வாசலில் நிற்பது போலத் தோன்றியது. மடியில் கிடந்த மீனை வாலைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அது அப்படி இல்ல" என்றாள்.

கீழே இயந்திரம் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"கையெழுத்து மட்டும் காரணம் இல்ல. எனக்கு அந்த எழுத்தே சரியாத் தெரியலை. பழுப்பு நூலைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துச்சு. என் தம்பி பொண்டாட்டிகூடக் கேளுங்கன்னு சொன்னா. கேட்டா கண்ணு போச்சுன்னு சொல்லிடுவீங்களேன்னு கேக்கலை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இடது கண்ணு தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இதை யார்கிட்டயும் சொல்லலை. இப்பத்தான் சொல்றேன்."

யாரும் 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை. அந்த அறைப் பெண்களுக்கு அவ்வளவு நாகரிகம் உண்டு. கண்டக்டரம்மா மட்டும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு வலது காது அஞ்சு வருஷமா அவுட்டு. எதுக்குக் கத்திக் கத்திப் பேசறேன்னு நெனச்சீங்க? சரி, வெள்ளிக்கிழமை போர்வை வார்டுக்குப் போகணும். பன்னெண்டையும் பிரிச்சுப் பின்னினா ஆகுமா?"

"ஆகாது" என்றாள் நர்ஸ், கத்தரியோடு வந்து.

கண்டக்டரம்மா புரூப் அக்காவின் மடியிலிருந்த மீனைப் பிடுங்கிக் கத்தரியை வாங்கினாள். வாலைத் தைத்திருந்த நூலை நறுக்கி வாலைக் கழற்றினாள். மீதியைத் திருப்பி நிமிர்த்திப் பிடித்தாள். நீள வட்டமாக, பழுப்பாக, அது ஒரு முகம் மாதிரியே இருந்தது.

"ரெண்டு காது, ரெண்டு கொம்பு. அவ்வளவுதானே வேணும்?"

"முகத்துல புள்ளி இருக்கே" என்றது ஒரு குரல்.

"இருந்தா என்ன? வயசுக்கு வந்த மான், பரு போட்டிருக்கு."

வால் கழற்றுகிறவர்கள் ஒரு பக்கம், காது பின்னுகிறவர்கள் ஒரு பக்கம் என்று மேஜை இரண்டாகப் பிரிந்தது. கொம்பு குட்டையாக இருக்க வேண்டும், கிளை கூடாது, பிள்ளை விரல் மாட்டும் என்று நர்ஸ் கூவினாள். புரூப் அக்காவுக்குக் காது வேலை. முதல் காதைப் பின்னிக் கண்டக்டரம்மாவிடம் நீட்டி, "வரிசை சரியா இருக்கா பாரு" என்றாள். சொல்லிவிட்டுத் தானே திகைத்தாள். இவ்வளவு சுலபமா இது?

"ஒரு தையல் விட்டிருக்கு. இங்க."

பிரித்துச் சரிசெய்தாள். இன்னும் மூன்று காது முடித்துக் கொடுத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்தால் மறுபடி மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

மேனேஜர் முதல் மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்கக்கா. திங்கக்கிழமை வரீங்கதானே?"

"வரேன். ஆனா ஒரு கண்ணுதான் வேலை செய்யும். இன்னொண்ணு தேறாது."

மேனேஜர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"பொடி எழுத்து என்னால ஆகாது" என்றாள். "பெரிய எழுத்துன்னா பார்ப்பேன். காலை வெளிச்சத்துல, மதியம் வரைக்கும். சந்தேகம் வந்தா பக்கத்து சீட்டுப் பொண்ணைக் கேப்பேன். கேக்கறதுக்கு வெட்கப்பட மாட்டேன். அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க."

கீழே இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. படிக்கட்டுக் கைப்பிடி அதிர்ந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணாங்கிளாஸ் பாடப்புத்தகம் ஒண்ணு வந்திருக்குக்கா" என்றார் மேனேஜர், தயங்கித் தயங்கி. "எழுத்தெல்லாம் கட்டைவிரல் பருமன். அதை நீங்க பார்க்கலாம். சட்டப் புத்தகத்தை வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள் அவள். "பத்து மணிக்கு வரேன். ஜன்னல் பக்கம் மேஜையைப் போட்டு வைங்க."