கட்டிங் டேபிளுக்கு அடியில் ஒரு தெரு

1

இது கதையே அல்ல, கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், "தனியார் சொத்து, பொதுச் சேவை, இது ரெண்டையும் வச்சு ஏதாவது எழுதுங்களேன்" என்றார். எழுதினேன். மூன்றாவது பத்தியிலேயே எனக்குக் கொட்டாவி வந்தது. இருந்தாலும் விடாமல் முடித்து அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா தேடித் தேடிப் பார்த்தேன், உள்ள ஒரு மனுஷனைக்கூடக் காணோமே."

எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் பார்த்து என் வீட்டுக் குளியலறையில் போன தண்ணீர் போன வழியே திரும்பி வந்தது. வாளியும் துடைப்பமுமாக நின்றுகொண்டு நண்பரையும் நகராட்சியையும் மாறி மாறித் திட்டியபோது இந்தக் கதை வந்தது.

முதல் வரிக்காகக் கொஞ்சம் அல்லாடினேன். "உடைமை என்பது மனிதன் தனக்குத்தானே—" வேண்டாம், பழைய கட்டுரை பின்வாசல் வழியாக உள்ளே வரப் பார்க்கிறது. "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்—" கதைகளில் போதுமான அளவு மழை பெய்தாகிவிட்டது. "தெருவில் முதலில் நாறியது பேக்கரி." இது பரவாயில்லை, வைத்துக்கொள்கிறேன்.

2

தெருவில் முதலில் நாறியது பேக்கரி.

அது சரிவான தெரு. மேட்டில் ஓய்வு பெற்ற பேராசிரியரின் வீடு, நடுவில் தையல்கடை, பள்ளத்தில் பேக்கரி. இடையில் இன்னும் சில வீடுகள். எல்லா வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் இறங்கி, பேக்கரியைத் தாண்டி, பெரிய ரோட்டுச் சாக்கடையில் போய்ச் சேரும். பேக்கரிக்குக் கொஞ்சம் கீழே எங்கோ அடைத்துக்கொண்டது. பேக்கரிக்காரர் காலையில் கதவைத் திறந்தால் மாவு பிசையும் அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். அது எந்தத் தண்ணீர் என்று நான் விவரிக்கப் போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவராக இருக்கலாம்.

(இந்தக் குழாய் விவகாரத்தைச் சரிபார்க்க ஒரு இன்ஜினியரிடம் போனேன். மனிதர் படம் போட்டு விளக்கித் தள்ளிவிட்டார். கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்: பள்ளத்தில் இருப்பவருக்கு முதலில் தெரியும், மேட்டில் இருப்பவருக்குக் கடைசியாகத் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது.)

நகராட்சியிலிருந்து அடைப்பு எடுக்கும் வண்டி வந்தது. பெரிய ரோட்டுச் சாக்கடைக் குழியிலிருந்து ஹோஸை மேலே ஏற்றிப் பார்த்தார்கள். வளைவில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. "மேல இருந்து இறக்கினாத்தான் போகும். நடுவுல ஒரு குழி இருக்கணுமே" என்று நகராட்சி இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். டேப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார். தையல்கடை வாசலில் நின்றார், செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார். கட்டிங் டேபிளுக்கு அடியில் குனிந்து தரையைத் தட்டினார்.

"இங்கதான் இருக்கு."

மெஷின் மிதித்துக்கொண்டிருந்த தையல்காரி காலை எடுத்தாள். அவளிடம் வேலை செய்யும் இரண்டு பெண்களும் நிறுத்தினார்கள்.

3

இந்தத் தையல்காரி எனக்குச் சுலபத்தில் பிடிபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் அவளைப் பேராசைக்காரியாக எழுதினேன். தெரு நிலத்தை வளைத்துப் போட்டு அதன்மேல் சொகுசாக உட்கார்ந்திருப்பவள். நாலு வரிக்கு மேல் வரவில்லை. அந்தக் கடையில் சொகுசு என்று சொல்ல ஒரு டேபிள் ஃபேன்தான் இருந்தது, அதுவும் கழுத்தைத் திருப்பாது. அடுத்து அவளைப் பரம அப்பாவியாக்கினேன், அழ வைத்தேன். அழுதாள்தான், ஆனால் எனக்கே சகிக்கவில்லை. அந்தத் தாளைக் கசக்கிப் போட்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் வெகுகாலம் மற்றவர்கள் கடையில் ஸ்டூல் போட்டுத் தைத்தவள். ஸ்டூலை எங்கே போடுவது என்பதைக்கூட முதலாளிதான் சொல்வார். ஜன்னல் பக்கம் கேட்டால் சுவர்ப் பக்கம் கிடைக்கும். கணவர் போன பிறகு, கையில் இருந்ததையெல்லாம் போட்டு இந்த இடத்தை வாங்கினாள். தரைக்குப் பூப்போட்ட டைல்ஸ் வேண்டாம், கீழே விழுகிற ஊசி பூவுக்குள் ஒளிந்துகொள்ளும் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வெற்று டைல்ஸ் வாங்கிப் பதித்தாள். மூன்று மெஷின்களும் ஜன்னல் பக்கம்தான். அந்தத் தரையில் நிற்கும்போது மட்டும் அவளுக்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"தரையை உடைக்கணும்மா. ஒரு வாரம் கடை நடக்காது" என்றார் இன்ஜினியர்.

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான சீருடைகள் அரைகுறையாக டேபிள் மேல் கிடந்தன. அந்த வாரம் கொடுக்காவிட்டால் ஆர்டர் ஏதாவது பெரிய கம்பெனிக்குப் போய்விடும். போனால் திரும்பி வராது. இரண்டு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அப்புறம் இவளும் மறுபடி யாரிடமாவது போய் ஸ்டூல் கேட்க வேண்டியதுதான். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.

சாயங்காலம் அவள் தம்பி வந்தான். வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. வக்கீலைவிடச் சட்டம் பேசுவான்.

"நீ ஏன்க்கா யோசிக்கணும்? பத்திரம் உன் பேர்ல இருக்கு. உன் தரை மேல எவனும் கை வைக்க முடியாது. கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுத்துடலாம்."

"அது வரைக்கும் பேக்கரி அண்ணன் என்னடா பண்ணுவாரு?"

"அது அவர் தலைவலி. இப்படி ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் பாவம் பார்த்தா உனக்கு ஒரு செங்கல்கூட மிஞ்சாது."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

4

பேராசிரியரின் முன்னறையில் தெருக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். மேட்டில் இருப்பதால் அங்கே மட்டும் நாற்றம் இல்லை. சுவர் முழுக்கப் புத்தகம். இன்ஜினியரும் வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாழ்நாள் முழுக்கப் பொதுவுடைமை பேசியவர். "தண்ணி, சாக்கடை, வெளிச்சம் இதெல்லாம் தனி மனுஷனுக்குச் சொந்தமா இருக்க முடியாது. சமூகம்னு ஒண்ணு இல்லேன்னா இந்த டைல்ஸ் ஏது, கடை ஏது? பொது நன்மைக்குன்னு வரும்போது தனிச் சொத்து வழிவிடணும்."

"வழிவிடறது எங்க அக்கா, நன்மை உங்களுக்கு. நல்லா இருக்கே கதை" என்றான் தம்பி. "நாளைக்கு உங்க வீட்டுக்கு அடியிலயும் ஏதாவது இருக்குன்னு சொன்னா? சொந்தம்னு ஒண்ணு நிச்சயமா இருந்தாத்தான் சார் மனுஷன் உழைப்பான்."

"தம்பி சொல்றது பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் பேக்கரிக்காரர். அவர் கண் சிவந்திருந்தது. "என் கடையில நாலு பேர் வேலை செய்யறாங்க. எல்லாரும் சேர்ந்து இருக்கிற தெருவுல நான் மட்டும் முங்கிச் சாகணுமா?"

இதே பேக்கரிக்காரர்தான் நடைபாதை முழுக்க நாற்காலி போட்டுவிட்டு, கேட்டவர்களிடம் "என் கடை வாசல், என் இஷ்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஆக, ஒருவரின் கொள்கை என்பது அவர் வீடு சரிவில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே—

(நிறுத்திக்கொள்கிறேன். கட்டுரை வாடை அடிக்கிறது. தவிர, அது முழு உண்மையும் இல்லை. எப்படி இல்லை என்பது அடுத்து வருகிறது.)

எல்லோரும் தையல்காரியை ஒரு திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். என் திட்டப்படி பேக்கரிக்காரர் இந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அவருக்குத்தான் நஷ்டம். "அவர் மௌனமாக இருந்தார்" என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி அதையே எழுதினேன். அவர் மௌனமாக இருந்தால் கதை அதற்கு மேல் நகரவே மாட்டேன் என்றது. சரி, பேசித் தொலையட்டும் என்று விட்டேன்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் பேக்கரிக்காரர். "அந்தக் குழி முன்னாடி வெளியதான் இருந்துச்சு, இவங்க இடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல. மூடி உடைஞ்சு நாத்தம் தாங்க முடியல. இவங்க கடை கட்டறப்போ நாங்கதான் போய் நின்னோம். சுவரைக் கொஞ்சம் முன்னாடி இழுத்துக் கட்டி அதை உள்ள மூடிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்னு கெஞ்சினோம். தெரு இடம்தானே, நாம எல்லாருமா குடுத்தா யாரு கேக்கப் போறான்னு சொன்னதே நான்தான். சாரும் கூட வந்தாரு."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

தம்பியின் முகம் மாறியது. "அப்போ அந்த இடம் பத்திரத்துல இல்லையாக்கா?"

"இல்லடா."

"இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ எங்க என்னைப் பேச விட்டே?"

இப்போது இன்ஜினியர் வாயைத் திறந்தார். "தெரு இடம்னா அப்போ நான் சுவரையே இடிக்கச் சொல்லணும்மா."

பேக்கரிக்காரர் நல்லது செய்யப் போய் அவளை இன்னும் பெரிய பள்ளத்தில் தள்ளிவிட்டார். பொது இடத்தைப் பொதுமக்கள் எல்லோரும் சேர்ந்து ஒருத்திக்குக் கொடுத்தால் அது கொடுத்ததாகுமா? இதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுத எனக்குக் கை பரபரக்கிறது. ஆனால் அங்கே ஒருத்தி தன் ஜன்னல் போகப் போகிறதே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள்.

5

மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன.

ஒன்று: சுவரை இடிக்கிறார்கள். ஜன்னல், மெஷின், ஆர்டர் எல்லாம் போகிறது. பேக்கரியில் ரொட்டி வாசனை வருகிறது. இப்படியும் நடக்கும். நடக்கும் என்பதற்காக நானும் எழுத வேண்டுமா என்ன?

இரண்டு: தம்பி கோர்ட்டுக்குப் போகிறான். அதற்குள் பேக்கரி மூடப்படுகிறது, தண்ணீர் தையல்கடைக்கு ஏறுகிறது, பிறகு—(மேட்டு வீட்டுக்கு அது ஏறுவதற்குள் எனக்கு அலுத்துவிட்டது.)

மூன்றாவதை அவளே பேசினாள்.

"சார், சுவரை விடுங்க. தரையை உடைச்சுக்கங்க. திறந்து மூடற மாதிரி இரும்பு மூடி போடுங்க. எப்போ வேணும்னாலும் வந்து திறங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றாள். "ஆனா என் கடை ஒரு நாள்கூட நிக்கக் கூடாது. குழி எல்லாருக்கும் பொதுன்னா, அது திறந்து கிடக்கிற வாரமும் எல்லாருக்கும் பொதுதான். என் மூணு மெஷினும் டேபிளும் யார் வீட்டுக்குப் போகுது, சொல்லுங்க."

இன்ஜினியர் யோசித்தார். "மூடி இருந்து, அதுக்கு வழியும் இருந்தா எனக்குச் சுவர் மேல கோபம் இல்லை" என்றார்.

யார் வீடு என்று எண்ணிப் பார்த்தார்கள். பேக்கரி முங்கிக் கிடக்கிறது. மற்ற வீடுகள் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு பார்வையாகத் திரும்பி, உட்கார்ந்திருந்த அறையிலேயே வந்து நின்றது. அகலமான அறை, நல்ல ஜன்னல்.

"இங்க புத்தகம் நிறைய இருக்கே" என்றார் பேராசிரியர் மெல்ல. "மெஷின் சத்தத்துல நான் எப்படி..."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "புத்தகத்தை மாடிக்கு ஏத்துங்க. இத்தனை வருஷமா அதுல படிச்சதைத்தானே கேக்கறாங்க."

அந்தக் கூட்டத்தில் முதல் முறையாக எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் பேராசிரியரும் சிரித்தார்.

மறுநாள் கட்டிங் டேபிளை நாலு பேர் தூக்கிக்கொண்டு மேடு ஏறினார்கள். தம்பி முணுமுணுத்துக்கொண்டே ஒரு மெஷினைத் தோளில் வைத்து வந்தான். முதல் டைல்ஸ் உடைகிற சத்தம் கேட்டபோது தையல்காரி காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு போய்ச் சீருடைக்குக் காலர் வைத்தாள். அந்த வாரம் முழுக்கப் பேராசிரியர் வெட்டுத்துணிகளைக் கூட்டி அள்ளினார், பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கக்கூடக் கற்றுக்கொள்ளப் பார்த்தார், ஊசியில் குத்திக்கொண்டு அதை மட்டும் விட்டுவிட்டார். ஹோஸ் இறங்கியது, அடைப்புப் போனது, சீருடைகளும் போய்ச் சேர்ந்தன. பேக்கரிக்காரர் மறுபடி கடை திறந்த முதல் நாள் சுட்டதைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்.

6

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கடைத் தரையில் இப்போது ஓர் இரும்பு மூடி இருக்கிறது. அதைச் சுற்றிப் புது சிமெண்ட். சாமான்களைத் திரும்பக் கொண்டுவந்த எல்லோரும் அதைச் சுற்றி நிற்கிறார்கள். தையல்காரி துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்துக் குனிந்து மூடியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாள்.

"இந்தக் கட்டம் தெரு. உங்க எல்லாருக்கும் சொந்தம். கோட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை. சரியா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தம்பிக்குத் திருப்தி. பேராசிரியருக்கும் திருப்தி. பேக்கரிக்காரர் மட்டும் கட்டத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. வாசல்ல இருந்து அந்தக் கட்டத்துக்கு நாங்க எப்படி வர்றது? பறந்தா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் சரிதான்" என்று வாசல் வரை குனிந்தபடியே போனாள். அங்கிருந்து கட்டம் வரை ஒரு வழி போட வேண்டும். எவ்வளவு அகலம்?

ஒரு ஆள் அகலம் என்று எழுதிப் பார்த்தேன். ஹோஸ் திரும்பாது என்றார் இன்ஜினியர். இரண்டு ஆள் அகலம் போட்டேன். ஒரு மெஷின் ஜன்னலை விட்டுச் சுவர்ப் பக்கம் போக வேண்டும் என்றான் தம்பி. வழியே வேண்டாம், கடை முழுக்கவே தெருதான் என்றார் பேராசிரியர். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார், அந்த யோசனையைப் பேராசிரியரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. நீங்களும் ஏதோ ஒரு தெருவில், மேட்டிலோ பள்ளத்திலோ நடுவிலோ இருப்பவர்தானே. உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. அளந்து சொல்லுங்கள். அவள் சாக்கட்டியைத் தரையில் வைத்து, குனிந்தபடியே உங்களை நிமிர்ந்து பார்க்கிறாள். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது, நாளெல்லாம் மெஷின் மிதிக்கிற இடுப்பு அது.