லோஃப்டும் ராகுகாலமும்

என் கணவர் விஜயரத்தினம் லண்டனுக்கு வந்து முப்பது வருடம். அவருடைய ராகுகாலம் மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறது.

எங்கள் ஹவுன்ஸ்லோ வீட்டு மேலறையில் ஹீட்டரை நாள் முழுக்கப் போட்டாலும் பதினான்கு டிகிரிக்கு மேல் ஏறாது. வந்து பார்த்த ஆள் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டான்: கூரைக்கடியில் இருக்கிற லோஃப்டில் குளிரைத் தடுக்கிற இன்சுலேஷன் என்று ஒன்றுமே இல்லை, சூடு முழுக்கக் கூரை வழியாகப் போகிறது. அந்த அறைக்குத்தான் எங்கள் மகள் மேனுஷா வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து தலைப்பிள்ளையோடு வருகிறாள். குறைமாதப் பிள்ளை. அறை பதினெட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று நேர்ஸ் இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

இன்சுலேஷன் போடுகிறவர்களிடம் கெஞ்சி வாங்கிய நேரம் திங்கள் காலை எட்டு மணி. அதை விட்டால் மார்ச்தான். ஞாயிறு முழுக்க நான் லோஃப்டிலிருந்து சாமான் இறக்கினேன். பழைய சூட்கேசுகள், மேனுஷா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுத் தட்டங்கள், இவர் எறிய விடாத ரைஸ் குக்கர் பெட்டிகள். இடுப்பு முறிந்துவிட்டது.

சொன்னபடி எட்டு மணிக்கு இரண்டு பேர் இன்சுலேஷன் சுருள்களோடு வந்தார்கள். இவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேரும், இப்ப ராகுகாலம். ஏழரை தொட்டு ஒன்பது. ஒன்பது அடிச்சாப் பிறகு தொடங்கட்டும்."

"உங்களுக்கு விசரே? அவங்களுக்கு வேற வீடும் இருக்கு."

"பச்சைப்பிள்ளை வாற அறை. ராகுகாலத்திலை கை வைக்க ஏலாது. தேத்தண்ணி போடும்."

செவிடன் காதில் ஊதின சங்குதான். இரண்டு தரம் தேத்தண்ணி கொடுத்தேன். எட்டே முக்காலுக்கு அவர்களுடைய ஆபீசிலிருந்து போன் வந்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று சுருள்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 'வீட்டுக்காரர் அனுமதிக்கவில்லை' என்று எழுதிய தாளொன்று என் கையில் இருந்தது.

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவர் பார்த்தது, யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி அனுப்பிச் சமையலறையில் தொங்குகிற கலண்டர். லண்டன் நேரத்துக்குக் கணித்த கோயில் கலண்டர் அலுமாரிக்குள் கிடந்தது. எடுத்து அவர் முன்னால் போட்டேன்.

"வாசியுங்கோ."

வாசித்தார். ராகுகாலத்தைச் சூரிய உதயத்திலிருந்துதான் கணிப்பார்கள்; டிசம்பரில் இங்கே சூரியன் உதிக்கவே எட்டு மணியாகிறது. இன்றைய ராகுகாலம் எட்டு ஐம்பதுக்குத்தான் தொடங்குகிறது.

"அவங்கள் நல்ல நேரத்திலைதான் வந்தவங்கள். நீங்கள்தான் மினக்கெட்டு ராகுகாலத்துக்காக இருத்தி வைச்சனீங்கள்!"

இவர் ஜாக்கெட்டைப் போட்டுக் கார்ச் சாவியை எடுத்தார்.

"எங்கை போறியள்?"

"சுருள் வாங்க. நானே போடுறன்."

"இப்ப ஒன்பதே கால். ராகுகாலம்."

"தெரியும்" என்றுவிட்டுப் போனார்.

அறுபத்திரண்டு வயது முழங்காலோடு இரண்டு நாள் லோஃப்டில் தவழ்ந்தார். கடிக்குது, அரிக்குது, டோர்ச்சைச் சரியாகப் பிடியும் என்று என்மேல் பாய்ந்தார். நானும் விடவில்லை, மார்ச் வரைக்கும் திட்டுவதற்கு என்னிடம் இருந்தது. புதன் மாலை மேலறையில் பத்தொன்பது டிகிரி காட்டியது. நம்பாமல் இன்னொரு தரம் போய்ப் பார்த்தேன்.

வியாழன் காலை மேனுஷா போன் எடுத்தாள். "அப்பா, ஒண்டரைக்குத்தான் விடுவினமாம். வரட்டே?"

வியாழன் ஒன்றரை மணி இரண்டு கலண்டரிலும் ராகுகாலம். இவர் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், மூடினார்.

"கெதியா வாங்கோ பிள்ளை" என்றார் பிறகு. "அறை சூடாக் கிடக்கு."