எந்தக் கேபிள் எந்தப் பெட்டிக்கு

ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். பல் துலக்கினேன். டேங்க் நிறைந்து தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினேன். கேட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினேன். இரண்டு முட்டை வேகவைத்து ஒன்றைத் தின்றேன். இன்னொன்றை உரித்த பிறகு வேண்டாம் என்று தோன்றியது. மூடி வைத்தேன். துணியை மெஷினில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை. தீவன ஆலைக்குப் போக வேண்டியதில்லை. மற்ற நாட்களில் அங்கே ஆய்வகத்தில் சோயாப் புண்ணாக்கில் எவ்வளவு புரதம், மக்காச்சோளத்தில் எவ்வளவு ஈரம் என்று பார்த்து எழுதிக்கொண்டிருப்பேன்.

ஏழே காலுக்கு மாமனார் வந்தார். திருச்செங்கோட்டிலிருந்து மோகனூர் ரோட்டில் இருக்கும் என் வாடகை வீட்டுக்குக் காரில் ஒரு மணி நேரம். செருப்பைக் கழற்றும் முன்பே போனை நீட்டினார்.

“ஏனுங்க மாப்ள, இதப் பாருங்க. கௌசிக்கு அனுப்பிச்சிருக்கான். பன்னெண்டு மணிக்குள்ள போட்டோ போகலீன்னா வெள்ளிக்கெழமைக்கு ஃப்ளெக்ஸ் ரெடியாவாதாம்.”

கௌசிக் அவருடைய மகன், என் மைத்துனன். வெள்ளிக்கிழமையோடு என் மனைவி நித்யஸ்ரீ இறந்து ஒரு வருடம். ஃப்ளெக்ஸ் பன்னிரண்டடிக்கு எட்டடி. சங்ககிரி ரோட்டில் மாமனாரின் போர்வெல் ரிக் ஆபீஸ் வாசலில் கட்டுவார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. கீழே கணவர் மோகன்குமார், எம்.எஸ்சி. அதற்குக் கீழே தந்தை சென்னிமலை, ரிக் உரிமையாளர். போட்டோ வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. நடுவில் சிவப்பில் ஒரு வரி:

‘மகளே, நீ கடைசியாகக் கேட்டது: அப்பா சாப்பிட்டாரா?’

“எழுத்து இன்னுங் கொஞ்சம் பெருசா இருக்கோணும். என்ன சொல்றீங்க?” என்றார்.

“இருக்கட்டுங்க மாமா. இதே போதும்.”

அவள் அப்படிக் கேட்கவில்லை. நான் சொன்னது அது. மண்டைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன அன்று, மருத்துவமனை வராந்தாவில் மாமனார் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். கடைசியா என்ன சொன்னா, என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முந்தின நாள் மதியத்திலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. என் கையில் இட்லிப் பொட்டலம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, அழுதுகொண்டே நான்கு இட்லியையும் தின்றார்.

அவள் நான்கு நாள் கண் திறக்காமல் இருந்து போனாள். அதன் பிறகு அந்த வரி ஊர் முழுக்கப் போய்விட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும் தன் ரிக் டிரைவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னார். இப்போது பன்னிரண்டடிக்கு எட்டடி ஆகப் போகிறது. உண்மையில் அவள் கடைசியாகச் சொன்னதும் இவரைப் பற்றித்தான். ஆனால் அது ஃப்ளெக்ஸில் போடுகிற விஷயம் இல்லை.

அவருக்கு வேண்டிய போட்டோ அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. புது ரிக் லாரிக்குப் பூஜை போட்ட அன்று, மாஸ்ட் என்னும் இரும்புக் கோபுரத்தின் பக்கத்தில் ஹெல்மெட்டோடு நிற்கிற படம். மாஸ்ட் அவள் வரைந்து கொடுத்தது. கல்யாணப் போட்டோவைப் போடலாம் என்றேன். அதில் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா என்றார். உண்மைதான். டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவதாகப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அவளுடைய டிஸ்க்கை ஒரு கடைக்காரரிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

கம்ப்யூட்டர் ஒரு வருடமாகப் பாதியில் நிற்கிறது. திருச்செங்கோட்டில் ரிக் பாடி கட்டும் பட்டறைகளுக்கு அவள் வீட்டிலிருந்தே வரைந்து கொடுப்பாள். முழு ரிக்கையும் ஒரே படத்தில் திறந்தால் மெஷின் திணறும். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் அதை ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தாள். வேகத்தைக் கூட்டினால் பிராசசர் கூடுதல் கரண்ட் கேட்கும். பழைய பவர் சப்ளை அதற்குத் தாங்காது. அதனால் புதிய பவர் சப்ளைப் பெட்டி வாங்கினாள். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்திக்கொண்டிருந்தபோதுதான் எல்லாம் நடந்தது.

கேபினெட்டை மேஜை மேல் படுக்கவைத்து மூடியைக் கழற்றினேன். மதர்போர்டின் ஓரத்தில் இருபத்து நான்கு பின் கேபிளை அவளே மாட்டியிருந்தாள். மேல் மூலையில் பிராசசருக்கான இரண்டு குழிகள் காலியாக இருந்தன. ஒன்றில் எட்டு ஓட்டை, ஒன்றில் நான்கு.

“மத்த கேபிள்லாம் எங்கீங்க மாமா?”

“நாந்தான் பத்திரமா எடுத்து வெச்சனுங்களே. பதினாறாம் நாளு ஊட்ட ஒழிச்சப்ப தரையில பாம்பாட்டக் கெடந்துச்சு.”

பீரோ மேலிருந்து ஒரு மஞ்சள் பையை அவரே இறக்கினார். உள்ளே கேபிள்களைச் சுருட்டி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். மொத்தம் பதினொன்று. எல்லாம் கறுப்பு.

“இதுல பழைய பெட்டியோடது எது, புதுப் பெட்டியோடது எது?”

“எல்லாம் ஒயருதானுங்க.”

“ரெண்டு பெட்டிக் கேபிளையும் ஒண்ணாவா கட்டுனீங்க?”

“தனித்தனியா எதுக்குங்க? ஒரே மாதிரித்தான இருந்துச்சு.”

“பழைய பெட்டி எங்க? அதுல சொருகிப் பாத்தாத் தெரியும்.”

“இரும்புக் கடைக்குப் போட்டாச்சுங்க. செம கனம்.”

துணி மெஷின் சுற்றி முடித்துக் கத்தியது. அதை நிறுத்திவிட்டு வந்தேன்.

பொறுமையாகச் சொன்னேன். இந்தக் கேபிளில் மதர்போர்டுக்குப் போகிற முனை எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். பெட்டியில் சொருகுகிற முனை அப்படி இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒழுங்காக உள்ளேயும் போகும், ஆனால் கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தப்பான கேபிளைச் சொருகினால் பன்னிரண்டு வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போகும். போர்டு போகும். டிஸ்க்கும் போனால் போட்டோவும் போகும்.

“அப்பறம் எதுக்கு ஒரே மாதிரி பண்ணித் தொலைக்கறானுக?”

அவர் சொன்னது நியாயம்தான்.

ஆலை எலக்ட்ரீஷியன் மயில்சாமியிடம் நேற்றே மல்ட்டிமீட்டர் வாங்கி வந்திருந்தேன். இருபத்து நான்கு பின் கேபிளைப் போர்டிலிருந்து உருவினேன். புதிய பவர் சப்ளை வந்த அட்டைப்பெட்டிக்குள்ளிருந்த காகிதத்தில் படம் இருந்தது. போர்டில் மாட்டாமலே பெட்டி ஓடுவதற்காக, அதில் பச்சை என்று காட்டிய ஓட்டையையும் பக்கத்தில் கறுப்பு என்று காட்டியதையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். ஸ்விட்சைப் போட்டதும் பெட்டியின் ஃபேன் சுற்றியது. அணைத்தேன். இனி ஒவ்வொரு கேபிளாகப் பெட்டியில் சொருகி, ஸ்விட்ச் போட்டு, மறுமுனையில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். கொக்கி இருக்கிற வரிசையில் எல்லாம் பன்னிரண்டு, எதிர் வரிசையில் எல்லாம் பூஜ்யம். அப்படிக் காட்டினால் அது பிராசசர் கேபிள்.

சணல் முடிச்சை அவிழ்க்கவே கால் மணி நேரம் ஆனது. லாரித் தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு. நகத்தால் முடியவில்லை. அவர் கத்தியை எடுத்து வந்தார். கேபிளை வெட்டிவிடுவார் என்று பிடுங்கிக்கொண்டேன்.

முதல் கேபிள் எதுவும் காட்டவில்லை. இரண்டாவதில் வரிசை தலைகீழாக இருந்தது. மூன்றாவதைச் சொருகும்போது கரண்ட் போனது. இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவர் மூடி வைத்த முட்டையைப் பார்த்து, “யாருக்குங்க?” என்றார். “சாப்பிடுங்க” என்றேன். தின்றார்.

கரண்ட் வந்தது. மூன்றாவது சரி. எட்டுப் பின்னிலும் சரியாகக் காட்டியது. இரண்டு தடவை அளந்தேன். அதை அடையாளத்துக்குத் தனியே வைத்தேன்.

“அப்ப முடிஞ்சுதா?”

“இன்னொண்ணு வேணும். நாலு பின்.”

“ஒண்ணு பத்தாதுங்களா?”

“ஓடறதுக்குப் பத்தும். வேகம் ஏத்தறதுக்குத்தான் ரெண்டாவது.”

“லாரியில வேகத்தக் கட்டுப்படுத்தற கவர்னரக் கழட்டி உட்டு ஓட்டறாப்புல.”

“அவளும் இப்படித்தான் சொன்னா.”

“நாஞ் சொல்லிக் குடுத்தது மாப்ள” என்றார். பிறகு, “போட்டோ எடுக்க வேகம் எதுக்குங்க? ஒண்ண மட்டும் மாட்டி உடுங்க, நேரமாச்சு” என்றார்.

கேட்டது சரிதான். ஆனால் அவள் செய்ய நினைத்ததில் பாதியை மட்டும் செய்துவிட்டு மூடியைப் போட எனக்கு வரவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. நான்காவது கேபிளைச் சொருகினேன். ஐந்தாவது. பத்தரை ஆகிவிட்டது. அதற்குள் கௌசிக் மூன்று தடவை போன் செய்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் இவர், “ஆச்சுறா, மாட்டிட்டிருக்கறம்” என்றார்.

ஆறாவதை அளந்துவிட்டு, எழுதி வைக்கப் பேனா எடுக்கத் திரும்பினேன். அந்த அரை நிமிடத்தில் அவர் குவியலிலிருந்து ஒரு கேபிளை எடுத்துப் போர்டின் மூலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். அது கிராபிக்ஸ் கார்டுக்கானது. எட்டுப் பின்தான், ஆனால் ஓட்டைகளின் வடிவம் வேறு. போகாது. அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பின் எடையைக் கொடுத்தார். போர்டு வளைந்தது.

“என்ன பண்றீங்க?”

“ஒரு நூல்தான் நிக்குது மாப்ள. ரிக்குல ராடு ஏறலீன்னா ஒரு அமுக்கு அமுக்குனா ஏறிக்கும்...”

“அமுக்காதீங்க!”

கத்திவிட்டேன். மூன்று வருடத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. அவர் கையை எடுத்தார். போர்டு நிமிர்ந்தது. நான் குனிந்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தேன். எதுவும் உடையவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை.

அவர் கேபிளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேரில் உட்கார்ந்தார்.

“என்ற புள்ளயும் இப்படித்தானுங்க கத்துவா. மூக்கு மேல கோவம்.”

ஆறாவது கேபிளைப் பெட்டியிலிருந்து உருவினேன்.

“மாப்ள, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவ பொறந்ததுலருந்து ஒரு நா என்னயச் சாப்டீங்களான்னு கேட்டதில்ல. சின்னதுல நாந்தான் ஊட்டி உடுவேன், துப்பிப் போடுவா. பெருசானப்பறம் நானே போன் போட்டா, ‘என்னப்பா, வேலையா இருக்கேன், சொல்லு’ம்பா. அவ்வளவுதான்.” கேபிளை மேஜையில் வைத்தார். “முந்தாநேத்து இந்த ஃப்ளெக்ஸ உங்கத்தைகிட்டக் காட்டுனனுங்க. அவ சொல்றா, ‘பக்கத்துல உக்காந்து திங்கறப்பவே கேக்காதவ, அன்னைக்கு மட்டும் கேட்டாளாக்கும்’னு. ரெண்டு நாளாத் தூக்கமில்ல.”

“மாமா...”

“உங்களக் குத்தஞ் சொல்லலீங்க. அன்னைக்கு அந்த இட்லிய நாந் திங்கோணும்னுதான் அப்படிச் சொன்னீங்க. தின்னுட்டன். ஒரு வருசமும் அதச் சொல்லியே தின்னுட்டன். இப்ப ஊரு பாக்கக் கட்டப் போறனுங்க. வேற யாரோ புள்ள பேசுனதாட்ட இருக்குது எனக்கு.”

போன் அடித்தது. கௌசிக். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, போட்டோ வந்துச்சா? ஆபரேட்டர் டீ குடிக்கப் போறேங்கிறான்.”

“போட்டோ வரும். அந்தச் செவப்பெழுத்த எடுத்துரு.”

“எதுக்கு? நல்லாத்தான இருக்கு.”

“எடுங்கறேன்.”

“சரி, அந்த எடத்துல என்ன போடட்டும்? சும்மா உட்டா மொட்டையா இருக்கும்.”

“இரு.”

போனை வைக்கவில்லை. மேஜையில் கேபிள்களுக்கு நடுவே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

“நெசமா என்ன சொன்னா?”

“வேண்டாங்க மாமா. நல்லா இருக்காது.”

“நல்லா இல்லீன்னாத்தான் அது அவ பேசுனது. சொல்லுங்க சாமி.”

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். காலை எட்டு மணி. அவள் தரையில் உட்கார்ந்து கேபினெட்டை மடியில் சாய்த்துப் பிடித்திருந்தாள். இரண்டு கையும் அதில். எட்டுப் பின் கேபிளை என்னிடம் கொடுத்து மூலையில் மாட்டச் சொல்லியிருந்தாள். நான் கொக்கியை மறுபக்கம் வைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னேன்.

“போகலீன்னா திருப்பிப் போட்டுப் பாக்கோணுங்க. எங்கப்பனாட்ட எதையெடுத்தாலும் அமுக்கிட்டே இருந்தா எப்படி?”