வீக்கம் வடிந்த நாட்கள்

தோட்ட வேலைக்காரர்களை மலையில் இறக்கிவிட்டு அழகுராஜா வீட்டுக்கு வந்தபோது, அவன் மனைவி ரேணுகா வலது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாகத் துவண்டு தொங்கிய கை.

"பாத்தீகளா? மாத்திரை போட்டு அஞ்சே நாளு. கட்டி கரைஞ்சிருச்சு. நாளைக்கே ஏலக்கா தரம்பிரிக்கப் போறேன்."

அழகுராஜா ஜீப்பிலேயே சாய்ந்து நின்றான். போடிமெட்டு வளைவுகளில் வண்டி ஓட்டிய அலுப்பைவிட, இனி சொல்லவேண்டியதுதான் பெரிய அலுப்பாக இருந்தது.

மதுரை டாக்டர் அவனைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். "மூளையில உள்ள கட்டி வளர ரத்தம் வேணும். அதுக்காகச் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களை உண்டாக்கிக்குது. அவசரத்துல முளைச்ச குழாய்ங்க, சுவர் சரியா இருக்காது. நீர் கசிஞ்சு சுத்தி இருக்கிற மூளை வீங்கிடும். கை விழுந்தது அந்த வீக்கத்தாலதான். மாத்திரை கசிவைக் குறைக்கும், கட்டியை ஒண்ணும் செய்யாது. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க."

பக்கத்து வீட்டு முனீஸ்வரி எட்டிப் பார்த்தாள். "மொகத்துல சதை போட்டுருச்சே, இனி என்ன கொறை?" அந்தச் சதையும் மாத்திரை தந்ததுதான். அவள் போனதும் அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

ரேணுகா சீப்பைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சேதான் அஞ்சு நாளும் என்னையச் சிரிக்க விட்டீகளா?"

"நீ சிரிச்சதப் பாத்து எனக்குச் சொல்ல வாய் வரல."

அவள் அழவில்லை. "பசிக்குது" என்றாள். இரண்டு தட்டுச் சோறு தின்றாள். மறுநாள் வேலைக்கும் போனாள். மூன்று நாள் போனாள்.

நான்காம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கட்டியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள்; ஆழத்தில் இருந்ததைத் தொட முடியவில்லை. அதன்பின் வலது கை விரல்கள் பாதிதான் மடங்கின.

வீடு திரும்பும் பஸ்சில் அவள் கேட்டாள்: "மறுபடி எப்ப ஸ்கேன் எடுக்கணும்?"

"மூணு மாசம் கழிச்சு."

"அதுவரைக்கும் அதப் பத்திப் பேச வேணாம்."

"சரி" என்றான். அவள் அவன் தோளில் சாய்ந்தாள். உசிலம்பட்டி வருவதற்குள் இருவருமே தூங்கிப்போனார்கள்.